ஊருக்குக் கேட்ட நெஞ்சு

ஊத்துப்பாளையத்தில் விசைத்தறி ஓடாத வீதி கிடையாது. அதனால் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் கத்திப் பேசுகிறவர்களாகவும், காதால் கேட்பதைவிட எதிராளியின் உதட்டைப் பார்த்தே அதிகம் புரிந்துகொள்கிறவர்களாகவும் இருந்தார்கள். மழை ஓட்டின் மேல் விழுவது அவர்களுக்குக் கேட்காது, நனைந்த பிறகுதான் தெரியும். கல்யாண மேளம் பக்கத்து மண்டபத்தில் கொட்டினாலும் சாம்பார் வாசனை வந்த பிறகுதான் கல்யாணம் என்று தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாசி மாதக் காலையில், அத்தனை தறிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த இரைச்சலுக்கு அடியில், தரைக்குள்ளிருந்து வருவதைப்போல, இன்னொரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரட்டை இரட்டையாக விழுந்தது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பிறகு ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

யாரோ ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தார்கள். ஊரிலேயே பெரிய தறிக்குடோன் வைத்திருந்தவரும் தறி உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவருமான பொங்கியண்ணன், தன் மோட்டாரில் ஏதோ தேய்ந்துபோயிற்று என்று ஃபிட்டரைக் கூப்பிட்டு ஒவ்வொரு தறியாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஃபிட்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது இரும்போட சத்தம் இல்லீங்க என்றான். ஆட்கள் வீதிக்கு வந்தார்கள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தம் எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பிள்ளையார் கோயில் வீதியில் நாச்சிமுத்துவின் எட்டுத் தறிக் குடோன் வாசலில் போய் எல்லோரும் நின்றார்கள். உள்ளே அவர் மனைவி சம்பூரணம் தார் சுற்றும் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது.

அவள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் வந்துட்டீங்க? ஆராச்சும் செத்துட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க அம்மிணி," என்றார் பொங்கியண்ணன், குடிதண்ணீர்க் குழாய் உடைந்திருப்பதைச் சொல்கிற குரலில். "உங்க நெஞ்சு அடிக்கறது எங்க குடோன் வரைக்கும் கேக்குதுங்க. அதான் என்னன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

சம்பூரணம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே," என்றாள்.

அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு, தறிகளில் நூல் காத்திருந்ததால், போய்விட்டார்கள்.

சம்பூரணத்துக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எடை தொண்ணூறைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது. சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த விருந்தாளியை நடத்துவதைப்போல அவள் அதை நடத்தினாள், வந்தால் வா, இருந்தால் இரு, எனக்கு வேலை இருக்கிறது என்று. மாத்திரையை நினைவு வந்தால் போடுவாள். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். தறிக்காரர்களுக்கு டீ வரும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு டம்ளர் வரும். டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரையை விரலால் வழித்து நக்குவது அவளுக்கு நாளிலேயே பிடித்த காரியம். பாதத்தில் எறும்பு ஊருவதுபோல இருந்து, பிறகு அதுவும் இல்லாமல் போக, ஒருநாள் காலில் குத்திய முள்ளைச் செருப்பில் ரத்தம் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தாள். அதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலிக்காதவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

பங்குனி பிறப்பதற்குள் அந்தச் சத்தம் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. மாரியம்மன் கோயில் பூசாரி அதற்குத் தகுந்தாற்போல மணியடித்தார். டவுன் பஸ் டிரைவர், ஊர் வளைவுக்கு முன்னாலேயே சத்தம் கேட்டு, இறங்க வேண்டியவர்களை எழுப்பிவிட்டார். ஊரின் கடைசியில் இருக்கும் பள்ளத்து வீதியில் கோகிலவாணி என்று ஒரு பெண், பிறந்த நாளிலிருந்து ஒழுங்காகத் தூங்காத கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தானும் தூங்காமல் கிடந்தாள். அந்தக் குழந்தை சத்தம் கேட்ட அன்று தூங்கியது, மறுநாளும் தூங்கியது. விஷயம் தெரிந்து பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளையார் கோயில் வீதியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, தூங்குகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தறிகளும் அந்தச் சத்தத்துக்கு வந்துவிட்டன. யாரும் பெல்ட்டை மாற்றவில்லை, யாரும் மோட்டாரைத் தொடவில்லை; ஒரு தறி, அதைப் பார்த்து இன்னொரு தறி என்று, ஊரில் உள்ள அத்தனை நாடாவும் சம்பூரணத்தின் நெஞ்சு அடிக்கும் கணக்கில் போய்வரத் தொடங்கின. நூல் அறுவது குறைந்தது. துண்டின் கரை கத்தியால் வெட்டியதுபோல நேராக வந்தது. ஈரோட்டு வியாபாரி ஒருவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன மாத்துனீங்க என்று கேட்டார். "எங்கூர்ல ஒரு அம்மிணி இருக்காங்க," என்றார் பொங்கியண்ணன். வியாபாரி, புது நூல் மில்லின் பெயரைச் சொல்லக் கேட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டு போனார்.

சம்பூரணத்துக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவள் மிளகாய் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினால், ஊரில் தறியெல்லாம் விரைந்து ஓடி, சம்பூரணம் மாடி ஏறுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நாச்சிமுத்து வேட்டியைக் காணோம் என்று அவளிடம் ஒரு சத்தம் போட்டார் என்றால், அவர் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் நாச்சிமுத்து, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, மெதுவான குரலில் பேசப் பழகிக்கொண்டார்.

அவளுக்கு இருந்த பெரிய ஆசை, அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். தலையணைக்குள் காதைப் புதைத்துக் கேட்டுப் பார்த்தாள். செல்போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் கேட்டு ஆமாம் ஆமாம் என்றார்கள், அவளுக்கு அதில் தறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் எப்படி இருக்கிறது, எது மாதிரி இருக்கிறது என்று விசாரித்தாள். நெல் குத்துவது மாதிரி என்றாள் ஒருத்தி. ஈரப் போர்வையைக் கல்லில் அடித்துத் துவைப்பது மாதிரி என்றாள் இன்னொருத்தி.

"ஆரோ கதவைத் தட்டற மாதிரி இருக்குதுங்கக்கா," என்றாள் கோகிலவாணி. "உள்ள இருந்து."

இது சம்பூரணத்துக்குப் பல நாள் மனதில் கிடந்தது.

ஊர் நன்றி கெட்ட ஊர் இல்லை. கோகிலவாணி தூக்குப்போசியில் தேங்காய்ப்பால் பாயசம் கொண்டுவந்தாள். கோயிலிலிருந்து பஞ்சாமிர்தம் வந்தது. பொங்கியண்ணன் வீட்டிலிருந்து நெய் மிதக்கும் ஒப்புட்டுப் போளி வந்தது, அவர் சம்சாரம் கூடவே வந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடச் சாப்பிடச் சத்தம் கனத்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முகம் மலர்ந்தது. கடைக்கு அவளைப் போகவிடவில்லை, தண்ணீர் எடுக்க விடவில்லை, நீங்க உட்காருங்கக்கா, நீங்க உட்காருங்கக்கா என்று ஆளுக்கொரு வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சங்கத்தின் சார்பில் ஸ்டூலுக்குப் பதிலாகச் சாய்வு வைத்த மெத்தை நாற்காலி வந்தது. அவளும் உட்கார்ந்தாள். அன்போடு ஒருவரை உட்காரவைத்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

ஆடி மாதம், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, அது ஒரு தடவை நின்றது.

ஒரு அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை, அடுத்தது விழ வேண்டிய இடத்திலும் விழவில்லை. ஊரில் உள்ள அத்தனை தறியிலும் ஒரே நேரத்தில் நூல் அறுந்து, அத்தனை தறியும் நின்றன. ஊத்துப்பாளையத்துக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து கேட்டிராத அமைதி அது. எங்கோ ஒரு வீட்டில் குழம்பு கொதிப்பது கேட்டது, எங்கோ ஒரு கிழவர் இருமுவது கேட்டது. பிறகு நெஞ்சு, படியில் தடுக்கி விழுந்தவன் எழுந்திருப்பதைப்போல, தாறுமாறாக நாலைந்து அடி அடித்து, மறுபடியும் தன் நடைக்கு வந்தது.

சம்பூரணம் மெஷினை விட்டு நிமிர்ந்தாள். தறிக்காரர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கையில் இருந்த எண்ணெய்க் குவளை கீழே கொட்டிக்கொண்டிருப்பது தெரியாமல் நின்றார்.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சா?" என்றாள் அவள்.

கழுத்தில் வியர்வை வழிவதையும், தாடை ஒரு மாதிரி இழுப்பதையும் அவள் அப்போதுதான் கவனித்தாள். வாயு என்று நினைத்துக்கொண்டாள். நாச்சிமுத்து வந்து அவள் கையைப் பிடித்தார். ஊர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஜெபசெல்வி நாகர்கோவில் பக்கத்துக்காரர், வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே வாசலில் காத்திருந்தார், அவருக்கும் கேட்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலேயே நாடித் துடிப்பை எண்ணினார். ஈசிஜி எடுத்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சு வலி வந்திருக்காம்மா?"

"இல்லீங்களே."

"திடீர்னு வேர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, ஒரு மாதிரி அயர்ச்சியா?"

சம்பூரணம் யோசித்தாள். காங்கேயத்தில் ஒரு கல்யாணம், போன வருஷம், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ரவிக்கை நனையும்படி வியர்த்து, சோடா வாங்கிக் குடித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று ஜாங்கிரி சாப்பிட்டது.

"அன்னைக்கே ஒரு தடவை வந்துட்டுப் போயிருக்கு," என்றார் டாக்டர். "சர்க்கரை ரொம்ப வருஷம் கூடவே இருந்தா நரம்பு மரத்துப்போகும். காலில முள் குத்தினா தெரியாது இல்லையா, அது மாதிரி இருதயத்தில குத்தினாலும் தெரியாது. உங்ககிட்ட சொல்ல அதுக்கு வழி இல்ல."

"அதான் ஊர்கிட்டச் சொல்லுதுங்களா?"

டாக்டர் ஈசிஜி தாளை மடித்து மேசையில் வைத்தார். "அது எனக்குத் தெரியாதும்மா," என்றார். "நான் படிச்சதில அது இல்ல."

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அங்கே ஊசி வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மருந்தில் வைத்துப் பார்க்கலாம், உடம்பைக் குறைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மாத்திரை ஒரு கைப்பிடியாகியிருந்தது. டாக்டர் ஜெபசெல்வி ஒவ்வொன்றும் எதற்கு என்று பொறுமையாகச் சொன்னார்.

"உடம்பு கொறஞ்சா இது செரியாப் போயிருமுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"இனிமே ஒண்ணும் வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. ஆனா பத்தில ஒரு பங்கு எடை இறங்கினாலே சர்க்கரை இறங்கும், பிரஷர் இறங்கும், நெஞ்சுக்குச் சுமை இறங்கும். பட்டினி கிடந்து ஒரேயடியா இறக்க வேண்டாம். மெதுவா இறக்கினாப் போதும், ஆனா திரும்ப ஏறாம பாத்துக்கிடணும். அதுதான் கஷ்டம்."

"எப்புடிங்க இறக்கறது?" என்று கேட்டாள் சம்பூரணம்.

"நடங்கம்மா," என்றார் டாக்டர்.

காலுக்கு உணர்ச்சி குறைவு என்பதால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஊத்துப்பாளையத்தில் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட முதல் பெண்ணாக சம்பூரணம் சாயங்காலம் பொழுதோடே வீதியில் இறங்கினாள். முதல் நாள் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய், மூச்சு வாங்கி, கோயில் படியில் உட்கார்ந்து, திரும்பி வந்தாள். ஊரில் தறியெல்லாம் பித்துப் பிடித்ததுபோல ஓடின. டீயை நிறுத்தினாள், டம்ளர் வரும் நேரத்தில் கை தானாக நீண்டது, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். தட்டில் சோறு இருந்த இடத்தில் கீரையும் அவரைக்காயும் ஏறி உட்கார, சோறு ஒரு ஓரத்துக்குப் போனது. கொள்ளும் பாசிப்பயறும் தினமும் வெந்தன. நாச்சிமுத்துவும் அதையே சாப்பிட்டார்; என்ன இது என்று கேட்க நினைத்து, தறிகள் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கேட்கவில்லை. தார் மெஷினிலிருந்து மணிக்கொருதரம் எழுந்து குடோனை ஒரு சுற்று சுற்றிவிட்டு உட்கார்ந்தாள். பாயசமும் ஒப்புட்டும் கொண்டுவந்தவர்களிடம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

கோயில் நோம்பித் திருவிழா வந்தபோது ஒருநாள் தாங்க முடியாமல் போயிற்று. மாவிளக்கையும் எண்ணெயில் பொரித்த வெல்லக் கச்சாயத்தையும் யாரும் பார்க்காத இடத்தில் நின்று, வயிறு கொண்டமட்டும் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். அதற்கு மறுநாள் காலை சத்தம் பழையபடி கனத்துக் கேட்டது. கடைசி வீதிவரைக்கும் தறிகள் ஒன்றாக ஓடின. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் அழுதுவிட்டு, ஷூவைத் தேடி எடுத்தாள்.

ஐப்பசி மழையெல்லாம் பெய்து முடிவதற்குள் பள்ளத்து வீதிக்குச் சத்தம் கேட்பது நின்றுபோயிற்று. பிறகு சந்தைப்பேட்டைக்குக் கேட்கவில்லை. டவுன் பஸ் டிரைவர் வளைவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். சத்தம் எட்டாத வீதிகளில் தறிகள் ஒவ்வொன்றாக விலகித் தம்தம் போக்கில் ஓட, நூல் மறுபடியும் அறுந்தது, தறிக்காரர்கள் முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு விரல் தேய்ந்தார்கள். கோகிலவாணியின் குழந்தை மறுபடியும் முழித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்கள் நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தார்கள். வெற்றிலை, பழம், ஒரு தட்டு நிறைய மைசூர்பாகு. கோகிலவாணியும் இன்னும் சில பெண்களும் குழந்தைகளோடு வந்து ஓரமாக நின்றார்கள். பொங்கியண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வரும் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்திருந்தார்.

"நடக்க வேண்டாம்னு நாங்க சொல்லலீங்க அம்மிணி. உங்க ஒடம்பு எங்களுக்கும் முக்கியம். ஆனா எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குதில்லீங்களா? கொஞ்சம் கொறச்சு நடங்க. நல்லது கெட்டதுக்கு ஒரு வாய் இனிப்புச் சாப்பிடுங்க. பாதி ஊருக்குக் கேட்டாக்கூடப் போதும்."

அவர்கள் கேட்பதில் நியாயம் இருப்பதுபோலவே சம்பூரணத்துக்குப் பட்டது. அழுகிற குழந்தையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். மைசூர்பாகின் வாசனை அவள் நாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்தது. வீட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அவள் நெஞ்சு விரைவதும் தயங்குவதும் கேட்டது.

நாச்சிமுத்து சுவரோரமாக நின்றிருந்தார். தாழ்ந்த குரலில் பேசிப் பழகியிருந்ததால் எல்லோரும் அவர் உதட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கு அது நின்னுச்சில்லீங்க," என்றார். "அப்ப நீங்க எல்லாரும் உங்க தறியைப் பாத்தீங்க. நான் இவளைப் பாத்தேன். எனக்கு அந்தச் சத்தம் வேண்டாமுங்க."

குழந்தை அழுதுகொண்டிருந்தது. கோகிலவாணி அதைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அக்கா நடக்கட்டுங்க," என்றாள். "தினமும் கோயிலுக்கே போயிட்டு வர்றதுக்குப் பதிலா, எங்க வீதி வழியா நடக்கட்டும். எங்க வீட்டைத் தாண்டற வரைக்கும் கேட்டாப் போதும், புள்ளை தூங்கிரும்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. பள்ளத்து வீதிக்கு வந்தால் சந்தைப்பேட்டைக்கும் வர வேண்டும் என்றார்கள் சந்தைப்பேட்டைக்காரர்கள். செட்டிகாட்டு வீதிக்காரர்கள், வாரத்தில் பாதி நாளாவது எங்கள் பக்கம் என்று சண்டைக்கு வந்தார்கள். பஞ்சாயத்து பேசி, எந்தக் கிழமை எந்த வீதி என்று முடிவு செய்து, சாக்கடையைத் தாண்டக் கல் போட்டு, நாய்களைக் கட்டிவைத்து, அவளுக்கு வழி செய்து கொடுத்தார்கள். வீதி கூடக்கூட அவள் நடை கூடியது. நடை கூடக்கூடச் சத்தம் இறங்கியது. சத்தம் இறங்க இறங்க ஜனங்கள் வாசலை விட்டு வீதிக்கு வரவேண்டியிருந்தது, வீதியை விட்டு அவள் பக்கத்தில் வரவேண்டியிருந்தது, கடைசியில் அவளோடு கூட நடந்தால்தான் கேட்கும் என்று ஆகிவிட்டது. பொழுதோடே தறியை ஆள் மாற்றிவிட்டு, முதலில் அம்மாக்கள், பிறகு தறிக்காரர்கள், ஃபிட்டர், பூசாரி என்று அவள் பின்னால் ஒரு கூட்டமே நடந்தது. யாரும் பேசமாட்டார்கள். கேட்பதற்காக வந்தவர்கள் ஆயிற்றே. பொங்கியண்ணன்கூட, என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கொஞ்சம் பின்தங்கி வந்தார். தை பிறந்தபோது அவர் வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேனென்றது. அவர் சம்சாரம், இப்போதெல்லாம் இவர் குறட்டை விடுவதில்லை என்று சம்பூரணத்திடம் ரகசியமாகச் சொன்னாள்.

சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஜெபசெல்வி ஒரு மாத்திரையைக் குறைத்தார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, முதல் தடவையாக, அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"எப்புடிங்க இருக்குது?" என்று ஆவலாகக் கேட்டாள் சம்பூரணம்.

"ஈசிஜில ஒரு இடத்தில தழும்பு தெரியுது, அது போகாது. ஆனா நல்லா அடிக்குது. நடக்கறதை விட்டுராதீங்க."

சித்திரையில் ஒரு விடிகாலை, ஷிப்ட் மாறுகிற நேரம், பிள்ளையார் கோயில் வீதியில் பால் ஊற்ற வந்தவர் நாச்சிமுத்து வீட்டு வாசலில் வந்ததும் நின்றார். அந்த வாசலில் எப்போதும் காலடியில் ஒரு அதிர்வு இருக்கும். அன்று இல்லை. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, உனக்குக் கேட்கிறதா என்று கேட்டார். அவளுக்கும் கேட்கவில்லை. அவள் போய்ப் பக்கத்துக் குடோனில் தறியை நிறுத்தச் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. அங்கிருந்து அடுத்த குடோன், அடுத்த வீதி, சந்தைப்பேட்டை, பள்ளத்து வீதி என்று வாய் வழியாகச் செய்தி போகப் போக ஒவ்வொரு தறியாக நின்றது. பொங்கியண்ணன் தன் கையாலேயே மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, மேல்சட்டைகூடப் போடாமல் வந்தார். ஊர் முழுவதும் அந்த வாசலில் கூடி, மூச்சை அடக்கி, காதைத் தீட்டி நின்றது. காக்கை கத்தியது. குழாயில் தண்ணீர் சொட்டியது. வேறு எதுவும் இல்லை. கதவைத் தட்ட யாருக்கும் கை வரவில்லை. ஃபிட்டர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சம்பூரணம் வெளியே வந்தாள். பின்னாலேயே நாச்சிமுத்து, பல் துலக்கிக்கொண்டு. இத்தனை ஜனமும் தன் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"கேக்கலீங்களா?" என்றாள்.

பொங்கியண்ணன் இல்லை என்று தலையாட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் இருப்பதற்காகவா, சத்தம் இல்லாததற்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

கோகிலவாணி குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுப் படியேறினாள். "அக்கா, கொஞ்சம் இருங்க," என்று சொல்லி, சம்பூரணத்தின் தோள்களைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவள் நெஞ்சில் காதை வைத்தாள். இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். சம்பூரணம் அசையாமல் நின்றாள். ஊர் காத்திருந்தது.

"இருக்குது," என்றாள் கோகிலவாணி.

கூட்டம் மூச்சுவிட்டது. ஆனால் அவள் காதை எடுக்கவில்லை. சம்பூரணம் தன் நெஞ்சில் சாய்ந்திருந்த அந்தத் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

"என்ன கண்ணு சொல்லுது?"

கோகிலவாணி இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலீங்கக்கா," என்றாள். "சும்மா அடிச்சுட்டிருக்குது."